சக்கரக் குழியில் ஒரு தகடு

மரக்காணத்திலேயே துருப்பிடிக்காத சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அப்பாவுடையது. உப்பளத்துக்குப் போய்வரும் யாருடைய சைக்கிளை வேண்டுமானாலும் பாருங்கள், வாங்கிய வருஷமே மட்கார்டு ஓட்டையாகி, செயின் முனக ஆரம்பித்துவிடும். அப்பா மட்டும் அளத்திலிருந்து வந்ததும், பசியோடு இருந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, சைக்கிளுக்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் இது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று குடம் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். "சைக்கிளுக்குப் பொண்ணு பாக்கப் போறியாப்பா, இப்பிடிக் குளிப்பாட்டுற?" என்று நான் கத்தாத நாள் கிடையாது. அவர் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் தன் கைகளையும் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். சர்வீஸ் முடிந்து ஊருக்கு வந்து, குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைத்தார். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். பட்டாளத்திலிருந்து வந்த மற்றவர்களைப் போல முறுக்கு மீசையோ, முடியாத கதைகளோ அவரிடம் கிடையாது. விமானத்தைப் பற்றிக் கேட்டால் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார். பேப்பரில் எங்காவது விமானப்படை விமானம் விழுந்ததாகச் செய்தி வந்தால் மட்டும், அதை இரண்டு முறை படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடமாட்டார். இளகிய மனசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் போட்டோ ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் அங்கே வேலைக்குத்தான் போனேன். முதலாளி சென்னைக்குக் குடிபோகும்போது கடையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கலர் பிலிம்களை பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்பிவிடுவேன். கருப்பு வெள்ளையை மட்டும் பின்னாலிருந்த இருட்டறையில் நானே கழுவிப் பிரிண்ட் போடுவேன். என் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார், நாங்கள் அப்பாவோடு ஒரே வீட்டில்தான் இருந்தோம். அதனால் மத்தியானத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவது அப்பாதான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பிள்ளைகளை பெங்களூருக்குச் சுற்றுலா அழைத்துப் போய் வந்து, பிலிம் ரோலைப் பிரிண்ட் போடக் கொடுத்தார். லேபிலிருந்து வந்த படங்களை மேசைமேல் பரப்பிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அப்பா ஒரு படத்தைக் கையில் எடுத்தார். ஏதோ ஒரு பழைய விமான மியூசியம். சின்னதாகச் சாம்பல் நிற விமானம் ஒன்று, அதன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு பிள்ளைகள். வாலில் எழுதியிருந்த நம்பரில் பாதியை ஒரு பையனின் தொப்பி மறைத்திருந்தது. அப்பா வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல நான் ஒரு உப்புப் பொட்டலத்த வுட்டுட்டு வந்துட்டேம்மா" என்றார்.

வெயிலில் வந்ததால் உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் லீவு முடிந்து கிளம்பும்போது அவருடைய அம்மா, ஊர் அளத்து உப்பில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து, கண் படாமல் இருக்கட்டும் என்று கொடுத்தனுப்புவாராம். மற்ற வீடுகளில் விபூதி கொடுப்பார்கள், எங்களிடம் இருந்தது உப்பு. விமானத்துக்குள் தலையை நுழைப்பதற்கு முன்னால் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான சட்டம். அப்பா பேனா, சீப்பு, சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைப்பார். முடிச்சை மட்டும் வைக்கமாட்டார். அவர் கணக்கில் அது ஒரு சாமானே இல்லை. எங்கள் ஊர்க்காரன் உப்பைப் போய் சாமான் என்று நினைப்பானா?

சர்வீசின் கடைசி நாள் அன்று, சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழிக்குள் மல்லாந்து படுத்து ஒரு குழாயைச் சரிபார்த்திருக்கிறார். மத்தியானம் அந்த விமானம் வேறு ஊர்த் தளத்துக்குக் கிளம்பிவிட்டது. ஓட்டிக்கொண்டு போன பைலட் கல்யாணமாகி ஒரு மாசம்தான் ஆனவர், இவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் யூனிபார்மை மாற்றும்போது பார்த்தால் முடிச்சைக் காணவில்லை.

"சொல்லியிருந்தா அந்த ஊருலயே அத பறக்கவுடாம நிறுத்திப் பாத்திருப்பாங்க. எனக்குத் தண்டன குடுத்திருப்பாங்க. மறுநாளு காலையில எனக்கு ரயிலு. பயந்துட்டேம்மா. வாயத் தொறக்கல."

"ஒரு பிடி உப்புக்கா இவ்ளோ?"

"உப்பு ஈரத்த இழுக்கும். அந்த உலோகத்த உள்ளுக்குள்ளயே தின்னும். வெளிய ஒண்ணும் தெரியாது. எந்தக் குழாய்ல போயி ஒட்டிச்சோ, எந்தக் கம்பியில போயி ஒட்டிச்சோ."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம். ஒரு மனுஷன் இதை யாரிடமும் சொல்லாமல் என் வயசைவிட அதிக காலம் சுமந்துகொண்டு, ஊர்ப்பட்ட தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாரே! "அந்த முடிச்சு தரையிலயே வுழுந்திருக்கும். எவனாச்சும் எடுத்து ரசத்துல போட்டிருப்பான், போப்பா" என்றேன். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாமோ'டுதான் இத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கிறார் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வாலில் இருக்கிற நம்பரை அவர் நம்பவில்லை. மியூசியத்தில் வைக்கும்போது புதிதாகப் பெயிண்ட் அடித்து எந்த நம்பரை வேண்டுமானாலும் எழுதிவிடலாமாம். சக்கரக் குழிக்குள் ஆணியடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதில் பொறித்திருப்பதுதான் விமானத்தின் நிஜமான நம்பர் என்றார். அன்றைக்குப் பார்த்த நம்பர் அவருக்கு மனப்பாடம்; அதே நம்பர் இந்த விமானத்தின் தகட்டிலும் இருந்தால், அது எங்கேயும் விழவில்லை, ஆயுசு முழுக்கப் பறந்துவிட்டு முழுசாக வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

"வா, ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வருவோம்."

"நான் உள்ள வரமாட்டேன்."

"அங்க இருக்கறவங்கள கேட்டா சொல்லிடப் போறாங்க."

"கேட்டா ஏன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"சரி, நம்பரையாவது சொல்லு. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சொல்லமாட்டேன். இல்லன்னாகூட இருக்குதுன்னு வந்து சொல்லுவ. டச்சப் பண்றவ நீ. படமா எடுத்துக்கினு வா. நான் பாத்துக்கறேன்."

சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் என்ன சொல்ல முடியும்? மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பதும், மூடிய கண்ணைத் திறந்துவைப்பதும்தானே என் பிழைப்பு.

உள்ளே பிளாஷ் போடக் கூடாது, ஸ்டாண்டும் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபங்களில் ஸ்டாண்டு விரிக்க எங்கே இடம் இருக்கும்? அதற்காகவே ஒரு துணிப்பை தைத்து வைத்திருந்தேன். நாற்காலி முதுகிலோ ஜன்னல் கட்டையிலோ பையை வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கி உட்காரவைத்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும். அந்தப் பையையும் கருப்பு வெள்ளை பிலிம் ரோலையும் நீள லென்சையும் எடுத்துக்கொண்டேன். பாண்டிச்சேரி போய் அங்கிருந்து பெங்களூர் பஸ்ஸைப் பிடித்தோம். வழி முழுக்க அப்பா கேமராப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

மியூசியம் வாசலில் நின்று சாமான்களை எடுத்துச் சரிபார்க்கும்போதுதான் அவர் துணிப்பையைப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"கேமரா வைக்கறதுக்குப் பை."

"உள்ள இன்னா?"

வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மற்ற ஊர் போட்டோகிராபர்கள் அரிசியோ பயறோ போட்டுத் தைப்பார்கள். எங்கள் ஊரில் சும்மா கிடைப்பது எது?

"உப்புப்பா" என்றேன்.

அப்பா இதுவரை என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். "அறிவிருக்குதா உனக்கு? இவ்ளோ சொல்லியும் உப்பத் தூக்கிக்கினு பிளேனுகிட்ட போற?" என்று நடுத்தெருவில் கத்தினார். நானும் விடவில்லை. "உம் பொண்ணுதானே, வேற எப்பிடி இருப்பேன்?" என்று திருப்பிக் கத்தினேன். பக்கத்தில் மாங்காய்ப் பத்தை விற்றுக்கொண்டிருந்த அம்மா கத்தியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

உப்பைக் கால் படுகிற இடத்தில் கொட்ட அப்பா சம்மதிக்கவில்லை. சரி, மாங்காய்க்காரம்மாவுக்கு உதவுமே என்று நீட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் அவ்வளவு உப்பைச் சும்மா கொடுத்தால் யார் வாங்குவார்கள்? "ஏம்மா, யாருக்காச்சும் சுத்திப் போட்டதா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில் அப்பாவே பையை வாங்கிக்கொண்டார். அதன் வாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்த நீள நைலான் கயிற்றை, உள்ளே எதற்காவது உதவும் என்று நான் உருவிக்கொண்டேன். அவர் பையின் வாயை முறுக்கிக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனால் பழைய எண்ணெய் வாசனை. ஒரே நீளமான கொட்டகைதான், மேலே கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். விமானங்கள் வரிசையாக நின்றன, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள், நடப்பதற்கு மரப்பலகையில் மேடை போட்டிருந்தார்கள். எங்கள் விமானம் மூன்றாவதாக நின்றது. எங்கள் விமானம் என்றுதான் மனசு சொன்னது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, எங்கள் லாரியின் நீளம்கூட இருக்குமா என்று சந்தேகம். இவ்வளவு சின்னதை நம்பி ஒருத்தர் ஆகாயத்துக்குப் போயிருக்கிறாரே!

குனிந்து சக்கரக் குழியைப் பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகியதும் வெளிறலாக ஏதோ ஒன்று தெரிந்தது. நீள லென்சை வைத்துப் பார்த்தேன், தகடுதான். அதில் ஏதோ பொறித்திருந்தது, ஆனால் எறும்பு வரிசை மாதிரி இருந்ததே தவிர எழுத்தா எண்ணா என்றுகூடத் தெரியவில்லை. படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் உண்டு. வெளிச்சத்தை அளந்து பார்த்தால், ஷட்டர் கால் வினாடி திறந்திருக்க வேண்டும் என்று வந்தது. அந்த லென்சைக் கையில் பிடித்துக்கொண்டு கால் வினாடி அசையாமல் நிற்பது மனுஷனால் ஆகிற காரியம் இல்லை. நம் நெஞ்சு துடிப்பதே படத்தில் தெரியும்.

கேமராவின் வார் மாட்டும் வளையத்தில் நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனையைச் செருப்புக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மேடையில் ஊன்றி, கயிறு விறைக்கும்வரை கேமராவை மேலே இழுத்தேன். மேலேயும் போகாது, கீழேயும் வராது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். விரலால் பட்டனை அமுக்கினால் அதுவே ஆட்டிவிடும் என்று, குடும்பப் படத்துக்குத் தானாகவே ஷட்டர் விழ வைக்கிற டைமரைத் திருப்பிவிட்டேன். அது கிர்ரென்று ஓடி முடிகிறவரை மூச்சை விட்டுவிட்டு அப்படியே கிடக்க வேண்டும்.

காவலாளி வந்துவிட்டார், அவரும் தமிழ்க்காரர்தான். "ஸ்டாண்டு அலோ இல்லம்மா."

"ஸ்டாண்டு இல்லீங்க. கயிறு."

அவர் குனிந்து கயிற்றைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். "இது சட்டத்துல இல்லியே" என்று யோசித்தார். "யாரு காலுலயாச்சும் தடுக்கும்னு ஸ்டாண்டு வேணாம்கறீங்க. இது எங்காலுலதானே இருக்குது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு விட்டுவிட்டார்.

ஆனால் பலகை மேடை விடவில்லை. எங்கோ ஒருவர் நடந்தால் இங்கே என் முழங்காலில் அதிர்ந்தது. டைமர் ஓடி முடியும் நேரமாகப் பார்த்து யாராவது தொம்தொம் என்று வருவார்கள். ஷட்டர் விழும்போதே படம் பாழ் என்று தெரிந்துவிடும். ரோலில் பாதிக்கு மேல் அப்படியே போய்விட்டது. நடந்துபோனவர்கள் எல்லார்மேலும் எனக்குக் கொலைவெறி வந்தது. ரோல் முடிந்து நான் வெறுங்கையோடு வெளியே போனால், அந்த மனுஷன் இன்னொரு தடவை இங்கே வரமாட்டார். அந்த 'இருக்கலாமோ'டேயே செத்துப்போவார்.

காவலாளி தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. மேடையின் அந்தக் கோடிக்குப் போய்க் கையைக் குறுக்கே நீட்டி, "ஒரு நிமிஷம் நில்லுங்க, அம்மா போட்டோ எடுக்கறாங்க" என்று எல்லாரையும் நிறுத்தினார். ஒரு கும்பலே அப்படியே நின்றது. கொட்டகையே அமைதியானது. நான் கயிற்றை இழுத்துக்கொண்டு டைமரைத் திருப்பினேன். மூச்சை விட்டேன். மிச்சமிருந்த பிலிமை அந்த அமைதியிலேயே தீர்த்தேன். விமானத்தை முழுசாக ஒரு படம்கூட எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது அப்பா அதே மரத்தடியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். பையின் வாயைப் பிடித்த கை அப்படியே மூடியிருந்தது, வியர்வையில் துணி ஈரமாகியிருந்தது. என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "சாப்புட்டியா?" என்றுதான் கேட்டார். மரக்காணத்து உப்பு பெங்களூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களோடே ஊர் திரும்பியது.

மறுநாள் காலையில் பிலிமைக் கழுவினேன். அப்பா அளத்துக்குப் போகாமல் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்துகொண்டார், வாடிக்கையாளர்கள் தலை வாருகிற கண்ணாடிக்கு எதிரில். கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கும்பலை நிறுத்துவதற்கு முன் எடுத்தது எல்லாம் கலங்கல். பின்னால் எடுத்ததில் ஒன்று இரண்டு தேறும்போல இருந்தது. முதலில் ஒன்றைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். எண்கள் வந்தன, ஆனால் கடைசி எண் மூன்றா எட்டா என்று சொல்ல முடியவில்லை. துளி அசைந்தால் போதும், மூன்றின் வாய் மூடிக்கொண்டு எட்டு மாதிரி ஆகிவிடும். டச்சப் செய்கிற பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எது சரியான எண் என்று தெரிந்திருந்தால் என் கை சும்மா இருந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அப்பா என்னை நன்றாகத் தெரிந்துதான் நம்பரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அடுத்த படத்தைப் போட்டேன். சிவப்பு விளக்கில், ட்ரேயில் தாளை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் ஆணிகள் தெரிந்தன, அப்புறம் தகட்டின் ஓரம், அப்புறம் ஒவ்வொரு எண்ணாக வந்தது. கடைசியில் இருந்தது மூன்று. வாய் திறந்த, தெளிவான மூன்று. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை, ஏனென்றால் மூன்றாக இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாதே!

ஈரத்தோடு அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் பிடித்தேன். அவர் தாளை வாங்கவில்லை. முதல் எண்ணில் விரலை வைத்தார். உதடு அசைந்தது. அடுத்த எண்ணுக்குப் போனார். பாத்தி வரப்பில் நடக்கிறமாதிரி பார்த்துப் பார்த்து நகர்ந்தது விரல். கடைசி எண்ணுக்கு வந்து நின்றது.

"லென்சு குடு" என்று மேசைமேல் இருந்த பூதக்கண்ணாடியைக் காட்டினார். கொடுத்தேன். பார்த்தார். எடுத்துவிட்டு, திரும்பவும் பார்த்தார்.

"எறங்கிட்டாரும்மா" என்றார். "அந்த பைலட்டு நல்லபடியா எறங்கிட்டாரு."

அப்புறம் அழுதார். நானும் அழுதேன், அவ்வளவு நேரம் அடக்கியிருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து, சத்தமாகவே. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார். "இல்லீங்க, யாரும் தவறல, உக்காருங்க" என்றேன். எனக்கு அப்போது அந்த ஆளைக் கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும்போல இருந்தது. அவருக்கு எடுத்த படம் ஆடிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கு மறுநாள் அப்பா அளத்திலிருந்து வந்தார். சைக்கிள் ரிம்மெல்லாம் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் பழக்கத்தில் குடத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், குடத்துத் தண்ணீரில் காலை மட்டும் கழுவினார், உள்ளே போய் உட்கார்ந்தார்.

"சைக்கிள் கழுவலியாப்பா?"

"துரு புடிச்சா புடிக்கட்டும். பசிக்குது, சோத்தப் போடு."

நானே கழுவிவிடலாமா என்று குடத்தைத் தூக்கினேன். அப்புறம் அந்தத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிவிட்டு, சோறு போடப் போனேன். பொங்கலுக்குள் மட்கார்டில் துரு ஏறிவிட்டது, செயினும் முனக ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அப்பா வருவது எங்களுக்குத் தெருமுனையிலேயே கேட்டுவிடும்.